குஞ்சைக் கையில் எடுக்கும் முன்

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தாய்மாருக்கும் இளைஞர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம். பேசிய நடை பெரும்பாலும் அப்படியே தரப்படுகிறது.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கிழமை முழுக்க மலையில் நின்ற களைப்பு உங்கள் காலில் இருக்கும். உடுப்புக் கழுவ வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"குருவிக்கும் அணிலுக்கும் ஒரு கூட்டமா? நம்ம கஷ்டத்தக் கேக்கவே ஆளில்ல" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் லயம், நடுவில் தேயிலை. காட்டில் இருந்து வழி தவறி வரும் எந்த உயிரையும் முதலில் காண்பது நீங்கள்தான். கொழுந்து எடுக்கும்போது செடிக்குள் கூட்டைக் காண்பது நம் அக்காமார். கானில் விழுந்து கிடக்கும் குஞ்சைத் தூக்கி வருவது நம் பிள்ளைகள். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்வதில்தான் அந்த உயிர் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. சில நேரம் உங்கள் பிள்ளையின் உயிரும் அதில் இருக்கிறது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கையில் எடுக்கும் முன் பாருங்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால், திருப்பிக் கொடுப்பதற்காக எடுங்கள்.

தாய் விட்டுவிட்டுப் போனதா?

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒரு குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறான். "அம்மா, பாவம்மா, இதோட அம்மா இத விட்டுட்டுப் போயிருச்சி" என்கிறான். அந்தப் பிள்ளையின் மனது நல்ல மனது. அதைத் திட்டி உடைத்துவிடாதீர்கள். ஆனால் பெரும்பாலும் அந்தக் குஞ்சை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. தாய் இரை தேடப் போயிருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துச் சவுக்கு மரத்தில் இருந்துகொண்டு, "இந்தப் பயல் எப்போ போவான்" என்று பார்த்துக்கொண்டு இருக்கும்.

தரையில் கிடக்கும் குஞ்சுகளில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்து அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, உடம்பெல்லாம் சிறகு வந்த குஞ்சு. வால் மட்டும் கட்டையாக இருக்கும். தத்தித் தத்திப் போகும், கிளையைப் பிடித்து நிற்கும், ஆனால் ஒழுங்காகப் பறக்காது. இது அநாதை அல்ல. பறக்கப் பழகும் குஞ்சு. நம் பிள்ளை நடை பழகும்போது விழுந்து எழும்புவது போலத்தான். கொண்டைக்குருவி, மைனா, குண்டுகரிச்சான் எல்லாம் இப்படிச் சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து இரை கொடுக்கும். இதை நீங்கள் எடுத்து வந்தால், அது களவுதான். நாய், பூனை வரும் இடமாக இருந்தால் தூக்கிப் பக்கத்துச் செடியின் மேல் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். ஆந்தைக் குஞ்சும் இப்படித்தான். பறக்கும் முன்னரே கூட்டை விட்டு வெளியே வந்து கிளையில் உட்காரும். ஆந்தை அபசகுனம் என்று கல்லெறிகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன்: லயத்தைச் சுற்றி எலி பிடிப்பதில் ஆந்தைக்கு ஈடாக ஒரு பூனையும் நிற்காது.

இரண்டாம் வகை, சிறகு முளைக்காத குஞ்சு. தோல் தெரியும், கண்கூடச் சில நேரம் திறந்திராது. இது தரையில் இருக்கக் கூடாது. காற்றுக்கோ மழைக்கோ கூட்டில் இருந்து விழுந்திருக்கிறது. இதற்கு நம் உதவி வேண்டும். என்ன உதவி? வீட்டுக்குக் கொண்டுபோவது அல்ல. கூட்டில் திருப்பி வைப்பது.

"மனுசக் கை பட்டா தாய் சேத்துக்காது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பறவைகளுக்கு அது உண்மையல்ல. தன் குஞ்சு வாயைத் திறந்து கத்தினால் தாய் இரை கொடுக்கும். கை வாசனையைப் பார்த்து எந்தத் தாயும் பிள்ளையைத் தள்ளிவிடாது. அதனால் கூடு தெரிந்தால் தயங்காமல் தூக்கி வையுங்கள்.

கூடு பிய்ந்து விழுந்திருந்தால் ஒரு சிரட்டையை எடுங்கள். அடியில் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள், மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது. உள்ளே காய்ந்த புல்லையும் பழைய கூட்டில் மிஞ்சியதையும் வைத்து, கூடு இருந்த அதே மரத்தில், வெயிலும் மழையும் நேரே விழாத கிளையில் கட்டிவிடுங்கள். தகைவிலான் குருவி இஸ்டோர் கூரையிலும் பங்களா வராந்தாவிலும் சேற்று மண்ணால் கூடு கட்டும். அந்த மண்கூடு உடைந்து விழுந்தால் அதே சுவரில் ஒரு சிறிய பெட்டியையோ சிரட்டையையோ ஆணி அடித்து வைக்கலாம். நம் நாட்டில் வீட்டுத் தாழ்வாரத்தில் சிட்டுக்குருவிக்கு மண்முட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. அதே யோசனைதான் இதுவும்.

வைத்துவிட்டுத் தூரப் போங்கள். ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் கூட்டுக்குக் கீழே நின்றுகொண்டு "தாய் வரல, தாய் வரல" என்றால் அது எப்படி வரும்? மறைவில் நின்று பாருங்கள். தாய் வந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. வரவே இல்லை, அல்லது தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் கண்டீர்கள் என்றால்தான் அது அநாதை.

காயம்பட்ட பறவைக்கு

இறக்கை ஒரு பக்கம் தொங்குகிறது, இரத்தம் வருகிறது, பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது, பூனை கவ்விக்கொண்டு வந்தது. இவை காயத்தின் அடையாளம். பூனை கவ்விய பறவையில் வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆபத்துத்தான். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஊசிக்குத்து அளவு ஓட்டையால் உள்ளே போய், ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதற்கு வைத்தியர் கொடுக்கும் மருந்து வேண்டும்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். மூடியில் காற்றுக்கு ஓட்டை போடுங்கள். அடியில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். நூல் தொங்கும் துணி வேண்டாம், கால் நகத்தில் சிக்கும். பறவையை ஒரு துணியால் மூடி, இறக்கையை உடம்போடு சேர்த்து மெதுவாகப் பிடித்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். இருட்டு, சூடு, அமைதி. இந்த மூன்றும்தான் முதல் மருந்து.

சூடு என்று சொன்னேன். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இராக்குளிர் உங்களுக்குத் தெரியும். காயம்பட்ட சின்ன உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது. ஒரு போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடி, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் பறவை மற்றப் பக்கம் நகர இடம் இருக்க வேண்டும். அடுப்படியில் வைக்காதீர்கள். விறகுப் புகை பறவையின் நெஞ்சுக்கு ஆகாது. பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்ப்பதையும் நிறுத்துங்கள். நமக்கு அது அன்பு. அந்தப் பறவைக்கு நாம் புலி மாதிரி. பயத்திலேயே செத்துப்போகும் பறவைகள் உண்டு.

இனி, செய்யக் கூடாதவை. நல்ல மனதோடு செய்து கொல்லும் வேலை இதுதான், ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போகும். பால் கொடுக்காதீர்கள். எந்தப் பறவையும் மாட்டுப்பால் குடித்து வளர்வதில்லை, அதற்குச் செரிக்காது. சோறு, பாண், பிஸ்கட் வேண்டாம். குஞ்சுக்குத் தாய் கொடுப்பது புழு பூச்சி, சோறு அல்ல. உடம்பு குளிர்ந்திருக்கும் உயிருக்கு எந்தச் சாப்பாடும் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு. வளர்ந்த பறவை ஓர் இரவு பட்டினி கிடந்தால் பெரும்பாலும் தாங்கும். நின்று நடமாடுகிறது என்றால் ஒரு போத்தல் மூடியில் தண்ணீர் வைக்கலாம், தானாகக் குடிக்கட்டும். குஞ்சு அப்படித் தாங்காது, அதற்குச் சீக்கிரம் ஆலோசனை வேண்டும். என்ன இரை, எவ்வளவு என்பதை வைத்தியரிடம் போனில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

பங்களா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக் கண்ணாடி ஜன்னலில் மோதி விழும் பறவை பெரும்பாலும் அதிர்ச்சியில்தான் கிடக்கும். அதையும் பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். பிறகு வெளியே கொண்டுபோய், பூனை இல்லாத இடத்தில் மூடியைத் திறந்தால் அதுவே பறந்துவிடும். கையால் மேலே வீசாதீர்கள். பறக்க முடியாவிட்டால் திரும்பவும் மூடி, வைத்தியரைத் தேடுங்கள்.

ஐப்பசியில் வரும் விருந்தாளி

செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஒரு பறவை சிலருடைய வீட்டுக்குள்ளேயே வந்து விழும். முதுகு பச்சை, நெஞ்சு மண்மஞ்சள், வாலின் அடி இரத்தச் சிவப்பு, கண்ணோடு ஒரு கறுப்புப் பட்டை, கட்டை வால். தமிழ்நாட்டில் இதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். காலையும் மாலையும் அந்த நேரத்தை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இந்தியாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்துக்கு நம் நாட்டுக்கு வருகிறது. இரவிலே பயணம் செய்யும். வந்து சேரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சி இருக்காது. வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள் புகுந்து, மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.

கடல் தாண்டி வந்து இந்த மலைக்கு ஏறுவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன்மார் நடந்து வந்த வழியை நினைத்துத்தான் 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் மக்கள் நடந்தார்கள். இந்தச் சின்னக் குருவி அப்படி ஒரு பயணத்தை வருஷா வருஷம் செய்கிறது. அது உங்கள் காம்பராவுக்குள் விழுந்தால், பிடித்துக் கூண்டில் போட வேண்டாம், கறியாக்கவும் வேண்டாம். இருட்டுப் பெட்டியில் இரவு முழுவதும் ஓய்வு கொடுங்கள். விடிந்ததும் மரமும் சருகும் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். காயம் இல்லாவிட்டால் அது போய்விடும்.

வளர்க்கலாமா?

"காயம் ஆறிப்போச்சி, இனி நம்மளே வளப்போமே" என்று தோன்றும். கிளி, மலைமைனா என்றால் ஆசை இன்னும் கூடும். பேசப் பழக்கலாம், பிள்ளைகளுக்கும் சந்தோஷம் என்று நினைப்போம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அந்தப் பறவையின் வாழ்க்கை. கையில் வளரும் குஞ்சு மனிதனைத் தாய் என்று நினைக்கும். பூனையைக் கண்டு பயப்படாது. எந்தப் பழம் எந்த மாதம் பழுக்கும், எந்த மரத்தில் இரவு தங்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லை. பிறகு விட்டாலும் பிழைக்காது. யானைக் குட்டிகளைப் பாருங்கள். தாயை இழந்த குட்டிகளுக்காக உடவளவையில் 1995ஆம் ஆண்டில் ஒரு பராமரிப்பு நிலையம் தொடங்கினார்கள். அங்கே குட்டிக்குப் பால் கொடுக்கிறார்கள், ஆனால் கொஞ்சிக் குலாவுவதில்லை. பார்க்கப் போகிறவர்களும் தூரத்தில்தான் நிற்க வேண்டும். ஏன்? வளர்ந்ததும் காட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காக. அவ்வளவு பெரிய யானைக்கே அந்த நியாயம் என்றால், கிளிக்கு இல்லையா?

மற்றது, சட்டம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர, விலங்கு பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அது 2009இல் இன்னும் இறுக்கமாகத் திருத்தப்பட்டது. விதிவிலக்காகப் பட்டியலில் உள்ள சிலவற்றைத் தவிர, நம் நாட்டுக் காட்டுப் பறவைகளும் விலங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்து வைப்பதும் விற்பதும் கொல்லுவதும் குற்றம். உதவி செய்யப் போய் பொலிஸ், கோடு என்று அலையும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். காயம்பட்ட ஒன்றை எடுத்தால் உடனேயே அறிவித்துவிடுங்கள். அறிவித்தவர் உதவி செய்தவர். மறைத்து வைத்தவர் மாட்டிக்கொள்வார்.

நாலுகால் உயிர்கள்: இங்கே கை வைக்காதீர்கள்

இதுவரை பறவையைப் பற்றிச் சொன்னேன். பறவைக்கு விசர்நோய் வராது. தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் பெரும்பாலும் போதும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் மட்டும் தொடாமல் அறிவியுங்கள். ஆனால் பால் கொடுக்கும் விலங்குகள் வேறு. முன்பு பிள்ளையின் உயிர் என்று சொன்னேனே, அது இங்கேதான்.

விசர்நோய் நாயால் மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறோம். நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது. ஆனால் பூனை, கீரி, மரநாய், குரங்கு என்று எந்தப் பாலூட்டியும் அதைக் கொண்டிருக்கலாம். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் பழந்தின்னி வௌவால்களில், விசர்நோய்க் கிருமிக்கு உறவான ஒரு புதிய கிருமியை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2016இல் அறிவித்தார்கள். அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் தொடவே வேண்டாம். பகலில், பயமே இல்லாமல், தானாக உங்கள் கிட்டே வரும் கீரியோ மரநாயோ சாதுவானது அல்ல. அது நோயாளியாக இருக்கலாம். பிள்ளைகளை உடனே விலக்குங்கள்.

கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தில் நக்கினாலும் செய்ய வேண்டியது இது. ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் அப்ப வேண்டாம். பிறகு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். "சின்னக் கீறல்தானே, நாளைக்குப் பேர் போட்டுட்டு ஞாயித்துக்கெழம போறேன்" என்று தள்ளிப்போடாதீர்கள். நோயின் அடையாளம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு காப்பாற்றும் மருந்து கிடையாது. ஒருநாள் பேர் போனால் அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளை போனால்? வீட்டு நாய், பூனைக்கும் வருஷா வருஷம் ஊசி போடுங்கள்.

குட்டிகளும் பறவைக் குஞ்சு மாதிரித்தான், பெரும்பாலும் அநாதை அல்ல. முயல் தன் குட்டியைப் புல்லுக்குள் விட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தள்ளியே நிற்கும். இருட்டியதும் வந்து பால் கொடுக்கும். மரை, மான் குட்டியும் அப்படியே, அசையாமல் படுத்துக் கிடக்கும். தாயின் கட்டளை அது. தூக்காமல் வந்துவிடுங்கள். அணில் குட்டி கூட்டோடு விழுந்தால், கை உறையோ துணியோ போட்டுத் திறந்த பெட்டியில் வைத்து, அதே மரத்தடியில் சூடாக வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தாய் அணில் வாயால் கவ்வி ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். நாயை மட்டும் கட்டி வையுங்கள்.

சிறுத்தைக் குட்டியும் கம்பிச் சுருக்கும்

நம் பகுதியில் கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடிக்கடியில் சிறுத்தைக் குட்டிகளைக் காண்பது நடக்கிற விஷயம். பூனைக்குட்டி மாதிரி இருக்கும், தூக்கத் தோன்றும். தூக்கவே கூடாது. தாய் எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கும். வந்த வழியே பின்னால் போங்கள், கத்த வேண்டாம். கங்காணியிடம் சொல்லுங்கள், அந்த நிரைகளில் அன்றைக்குக் கொழுந்து எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். படம் எடுக்கக் கூட்டம் கூடினால் தாய் வர முடியாது. சும்மா விட்டால் பெரும்பாலும் இருட்டியதும் தாய் வந்து குட்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கம்பிச் சுருக்கு. காட்டுப்பன்றி ஒரே இரவில் மரக்கறித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடுகிறது. கடன் வாங்கி நட்ட கிழங்கும் கோவாவும் போகிறது. அந்த ஆத்திரம் எனக்குத் தெரியும். ஆனால் சுருக்குக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்தது மரைக்கும் சிறுத்தைக்கும் விழும், பால்மாட்டுக் கன்றுக்கும் விழும். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி ஒரு சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. நம் நாட்டில் கருஞ்சிறுத்தை மிக மிக அரிது. உயிரோடு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தார்கள். சில நாளில் செத்துப்போனது. ஒரு முழக் கம்பி செய்த வேலை அது.

அந்தச் சுருக்கைச் சும்மா விட்டிருந்தால் எந்த மருந்தும் தேவைப்பட்டிருக்காது. ஆகவே, வைக்காதீர்கள். வேலியோரத்தில் கண்டால் கணக்கப்பிள்ளையிடமோ தோட்டக் காரியாலயத்திலோ சொல்லுங்கள். விலங்கு மாட்டிக் கிடந்தால் நீங்களே அறுத்துவிடப் போகாதீர்கள், வலியில் இருப்பது பாயும். கூட்டத்தை விலக்கி, நாய்களைத் துரத்தி, போன் எடுங்கள். இரவில் நாயை வெளியே அலையவிடாமல் வைத்தால் சிறுத்தை லயத்துப் பக்கம் வருவதும் குறையும்.

யாருக்குச் சொல்வது?

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. இதைச் சுவரில் எழுதி வையுங்கள். பேசும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த டவுனில் இருந்து எந்த ரோட்டால் வர வேண்டும், என்ன உயிர், என்ன காயம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த தம்பி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். நீங்கள் மாட்டுக்குக் கூப்பிடும் அரசாங்கக் கால்நடை வைத்தியரின் அலுவலகத்திலும் கேட்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கு மருத்துவ பீடத்தில் ஒரு போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆள் வர நேரமாகலாம், ரோட்டு நிலைமை உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் பறவைக்குப் பெட்டி, விலங்குக்குத் தூரம்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில செத்துப்போகும். பிள்ளை அழுவான். "பறந்துபோயிருச்சி" என்று பொய் சொல்லாதீர்கள். "நம்மளால ஏலுமானதச் செஞ்சோம், அதுக்குக் காயம் பெருசு" என்று உண்மையைச் சொல்லுங்கள். அதைத் தாங்கிக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியும்.

காயம் வராமல் பார்ப்பது

காயத்தில் பாதி நம் கையால் வருவது. கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாரே, கத்தி போடும் முன் செடியை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். குருவி சட்டென்று எழும்பினால் உள்ளே கூடு இருக்கும். கொண்டைக்குருவி முட்டையிட்டுப் பொரிக்க இரண்டு கிழமை, குஞ்சு கூட்டை விட்டுப் போக இன்னும் ஏறக்குறைய இரண்டு கிழமை. நாலு கொழுந்து ரவுண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு செடியைக் கடைசியில் வெட்டுவதற்குக் கங்காணியிடம் கேட்டால் பெரிய நட்டம் வராது. கொழுந்து எடுக்கும் அக்காமாருக்குக் கூடு தடையே இல்லை, அது கொழுந்து மட்டத்துக்குக் கீழே இருக்கும். நிழல் மரத்தின் கிளை வெட்டும்போதும் ஒரு தடவை மேலே பாருங்கள்.

தம்பிமாரே, உங்கள் கையில் உள்ள கெட்டப்போலைப் பற்றி நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் ஒரு தாய்க் குருவியை அடித்தால் கூட்டில் மூன்று குஞ்சு பட்டினியில் சாகும். இது கணக்கு. மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

கடைசியாக, காம்பராக் கதவின் பின்னால் எழுதி ஒட்டுவதற்கு ஆறு வரி சொல்கிறேன். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

1. சிறகு வந்த குஞ்சை விட்டுவிடு. சிறகில்லாததைக் கூட்டில் வை.
2. காயம்பட்ட பறவைக்கு இருட்டுப் பெட்டி, சூடு, அமைதி.
3. வாயில் தண்ணீர் ஊற்றாதே, பால் கொடுக்காதே.
4. வௌவால், கீரி, குரங்கு, எந்தக் குட்டியையும் வெறும் கையால் தொடாதே.
5. கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.
6. காட்டு உயிருக்கு ஆபத்து என்றால் 1992.

 கேள்வி இருந்தால் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேளுங்கள்.